கணக்குத் தாளும் இரண்டு சாவிகளும்

கணக்கு டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று சாந்தோமில் எங்கள் தெருவுக்கு ஒரு நம்பிக்கை. மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, மாடிப்படியை எவ்வளவு சாய்வாகக் கட்டுவது, கைபேசியில் படம் ஏன் திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் என் வீட்டு மணிதான் அடிக்கும். நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லாமல் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். அப்படிப்பட்ட என்னை என்கிரிப்ஷன், அதாவது கம்ப்யூட்டரில் போடும் பூட்டு, என்ற ஒரே ஒரு சொல் வந்து புரட்டிப் போட்டது. அதிலிருந்து என்னைத் தூக்கி நிறுத்தியவள் எங்கள் பள்ளியில் கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்த பெண். என் வயதில் பாதிகூட இருக்காது அவளுக்கு. இப்போது பெருங்குடியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போனில் நன்றி என்று ஆரம்பித்தாலே, "விடுங்க மிஸ்" என்று பேச்சை மாற்றிவிடுவாள். எழுத்தில் சொன்னால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் இது.

எங்கள் பள்ளி மயிலாப்பூரில், வட்டாரக் கத்தோலிக்கக் கோயிலான பங்குக் கோயிலோடு சேர்ந்த பெண்கள் பள்ளி. நான் படித்ததும் அங்கேதான், என் அம்மா பாடம் நடத்தியதும் அங்கேதான். ஆசிரியைகளில் பாதிப் பேர் எங்களைப் போலத் தலைமுறை தலைமுறையாக அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் மற்ற குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். தலைமையாசிரியை கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். நாங்கள் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். கண்டிப்பானவர். ஆனால் ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முன்பெல்லாம் கேள்வித்தாளை அச்சடித்து, கட்டுக் கட்டி, சிஸ்டர் அறையிலுள்ள இரும்பு பீரோவில் பூட்டி வைப்போம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தாளைத் தட்டச்சு செய்து, அந்த ஃபைலுக்கு ஒரு பூட்டுப் போட்டு, பள்ளியின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற பொது ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். தேர்வன்று காலையில் ஆபீஸில் சாவி கொடுத்துத் திறந்து பிரதி எடுத்துக்கொள்வார்கள். சாவி என்றால் சில எண்கள், அவ்வளவுதான். அந்த எண்களைத் தேர்ந்தெடுக்க சிஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். அந்த விதியைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அது ஒரு விதியாகத் தெரியாமல்தான் இருந்தது.

அது எனக்குக் கடைசி வருடம். அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பிவிட்டு நானும் ஓய்வு பெறுவதாக இருந்தேன். குறும்புக்காரப் பிள்ளைகள். தொகையீட்டுக் கணக்கு என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் ஒருநாள் நான் லீவு போட்டால் மறுநாள் வாசலிலேயே நின்று பிடித்துக்கொள்வார்கள். எத்தனையோ வகுப்புகளை அனுப்பியிருக்கிறேன். இவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் என்றால், அது கடைசி என்று தெரிந்ததால்தான் இருக்கும்.

திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கணக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம் என் தங்கை மகள் கைபேசியோடு ஓடி வந்தாள். அவளும் அதே வகுப்புதான்.

"பெரியம்மா, இது நீங்க போட்ட பேப்பரா பாருங்க. கிளாஸ் குரூப்ல யாரோ போட்டிருக்காங்க. புது நம்பர், யார்னே தெரியல."

பார்த்தேன். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை நான் போட்டது. உடனே சிஸ்டரை அழைத்து நானே விவரம் சொன்னேன். தேர்வை ரத்து செய்தார்கள். நானே சொன்னதுதான் எனக்கு வினையாக முடிந்தது. தங்கை மகள் கையிலிருந்து தாள் வந்தது என்பதையும் என் வாயாலேயே சொல்லியிருந்தேனே.

வெள்ளிக்கிழமை காலை சிஸ்டர் என்னை அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"டீச்சர், நான் சுத்தி வளைக்கல. பூட்டினது நீங்க. பூட்டு உடையல, சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க. உங்க தங்கச்சி பொண்ணு அதே கிளாஸ். நான் என்ன நினைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"நான் குடுத்திருந்தா நானே ஏன் சிஸ்டர் போன் பண்ணி உங்ககிட்ட சொல்லப் போறேன்?"

"விஷயம் பரவினதும் பயந்து சொல்லியிருக்கலாமேன்னு கரஸ்பாண்டன்ட் ஃபாதர் கேக்கறார்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "திங்கட்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்லிடறேன். விசாரணை முடியற வரைக்கும் பிளஸ் டூ வகுப்பை வேற டீச்சர்கிட்ட ஒப்படைச்சிடுங்க."

விசாரணை முடியும்போது பொதுத்தேர்வும் முடிந்திருக்கும். வேலை போகாது, சம்பளம் குறையாது. ஆனால் என் கடைசி வகுப்பு என் கையிலிருந்து போய்விடும். தாளை விற்றவள் என்ற பெயரோடு நான் வீட்டுக்குப் போவேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு உள்ளே ஒரு பயமும் இருந்தது. சிஸ்டர் சொன்ன தர்க்கத்தில் எனக்கே ஓட்டை தெரியவில்லை. பூட்டியவளிடம் சாவி இருக்கிறது, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள், அப்படியானால் நான்தானே? கணக்கு டீச்சருக்கே அது சரியான நிரூபணம் போலத் தெரிந்ததுதான் கொடுமை.

வெளியே வந்தபோது நான் முதலில் சொன்ன கம்ப்யூட்டர் டீச்சர் பெண் லேப் வாசலில் நின்றிருந்தாள். அந்த வருடம்தான் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். தி.நகரில் அவர்கள் குடும்பத்துக்குச் சேலைக் கடை. அவள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். அதுவரை அவளோடு நான் அதிகம் பேசியது, லேப்பில் என் பிள்ளைகள் செருப்போடு நுழைந்தார்கள் என்று அவள் புகார் சொன்னபோதுதான்.

"மிஸ், அந்த ஃபார்வர்ட் வந்த ஃபைல் உங்க போன்ல இருக்கா? உங்க ஒரிஜினலும் வேணும்."

கைபேசியையும் பென் டிரைவையும் கொடுத்தேன். குரூப்பில் வந்தது என்னுடையதைப் போலவே யாரோ தயாரித்த தாளாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவள் இரண்டு ஃபைலையும் எதிலோ கொடுத்தாள். திரையில் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி வந்தது. இரண்டு வரிகளும் ஒன்றாகவே இருந்தன.

"ஒரு புள்ளிகூட மாறல மிஸ். உங்க ஃபைலேதான்."

"இந்த வரி என்னது?"

"ஹாஷ்னு சொல்வாங்க. மாவு மில்லு மாதிரி வச்சுக்குங்க. எவ்ளோ பெரிய ஃபைல் போட்டாலும் அரைச்சு இத்தனூண்டு வரியா குடுத்துடும். அதே ஃபைல் போட்டா அதே வரிதான் வரும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாதில்ல, அதுமாதிரி இந்த வரியை வச்சு ஃபைலைத் திரும்ப எடுக்க முடியாது. இது பூட்டே இல்ல மிஸ், அடையாளம்தான். ஒரு கமா மாறினாலும் மொத்த வரியும் மாறிடும்."

"மில்லுல ஒரு அரிசி மாறினா மாவு மாறாதே" என்றேன். அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த இடத்துல மில்லு உதவாது மிஸ்" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் கடைக்கு வர்றீங்களா? நான்தான் மாடியப் பார்த்துக்கணும். மத்தியானம் கூட்டம் இருக்காது, உக்காந்து பேசலாம்" என்றாள்.

சனிக்கிழமை ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் லஸ் முனையிலிருந்தே புலம்ப ஆரம்பித்தார். "இன்னா டீச்சர், மெட்ரோவுக்குத் தோண்டிக்கினே கீறானுங்க, எந்தப் பக்கம் போனாலும் மடக்கி வுடறான். பனகல் பார்க்காண்ட இறக்கி வுட்டுர்றேன், உள்ள வண்டி போவாது." இறங்கிக் கூட்டத்தில் இடிபட்டு நடந்தேன். இன்னொரு நாளாக இருந்தால் நாலு கடை ஏறி இறங்காமல் திரும்பியிருக்க மாட்டேன்.

மாடியில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் பருத்திச் சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் காபி வந்தது. ஒரு சேலையின் ஓரத்தில் தொங்கிய சீட்டைத் திருப்பிக் காட்டினாள். விற்கும் விலைக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து ஆங்கில எழுத்துகள் பொடியாக இருந்தன.

"இது நாங்க வாங்கின விலை மிஸ். கஸ்டமருக்குப் புரியக் கூடாது, விக்கறவங்களுக்குப் புரியணும். ஒரு வார்த்தை இருக்கு, பத்து எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். எழுதறவங்களும் அந்த வார்த்தைய வச்சுத்தான் எழுதுவாங்க, படிக்கறவங்களும் அதை வச்சுத்தான் படிப்பாங்க."

"ஒரே சாவி."

"ஆமா. புஸ்தகத்துல சமச்சீர் குறியாக்கம்னு போட்டிருக்கும்."

சமச்சீர்க் கல்வி என்று எங்கள் துறையில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான். பூட்டையும் அது விட்டுவைக்கவில்லையா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் ஸ்கூல் படிக்கறப்ப நடந்தது மிஸ். பக்கத்துக் கடையில எங்க சீட்டைப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. யாரோ வார்த்தையச் சொல்லிட்டாங்க. கடையில வேலை பார்த்த ஒரு அக்கா மேல அப்பாவுக்கு சந்தேகம். சீட்டு எழுதறது அவங்க. கேட்டார். அவங்க கையில இருந்த சேலைய மடிச்சு வச்சுட்டுப் போனாங்க, திரும்ப வரல. ஆனா அந்த வார்த்தை கடையில எல்லாருக்கும் தெரியும், மிஸ். எனக்கே தெரியும். யார் சொன்னாங்கன்னு அப்பாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. தெரியவும் முடியாது."

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே சாவியால் பூட்டித் திறக்கிற பூட்டு, திறந்தது யார் என்று ஒருநாளும் சொல்லாது. சாவி உள்ளவர்களில் ஒருவர் என்று மட்டும்தான் சொல்லும். சிஸ்டர் சொன்னதில் ஓட்டை அங்கே இருந்தது. பூட்டியவளும் திறந்தவளும் ஒருத்தியாக இருந்தே தீர வேண்டும் என்று எதுவும் இல்லை.

"அப்ப யார் யார்கிட்ட சாவி இருந்துதுன்னு பார்க்கணும்" என்றேன்.

"அதான் மிஸ் கேக்க வந்தேன். நம்ம ஸ்கூல் பூட்டு நல்ல பூட்டு. எங்க விலைச் சீட்ட நாலு சீட்டோட சேர்த்து வச்சுப் பார்த்தா நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. ஸ்கூல்ல போடற பூட்டு அப்படியில்ல, சாவி மட்டும் யாரும் ஊகிக்க முடியாததா இருந்தா எந்தக் கம்ப்யூட்டராலயும் உடைக்க முடியாது. சாவி கம்ப்யூட்டர் குடுக்கற நம்பர்தானே? எனக்கு ஆபீஸ்ல துண்டுச்சீட்டுல எழுதிக் குடுப்பாங்க. சம்பந்தமே இல்லாத நம்பரா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கம்ப்யூட்டரா? அது பைபிள்ல அன்னிக்கு வர்ற திருப்பாடலோட நம்பர்ம்மா. பூசையில வாசகத்துக்கு அப்புறம் பதிலுரைப் பாடல் பாடுவோம்ல, தேர்வு அன்னிக்கு என்ன பாடலோ அதோட எண்ணும் வசனமும். சிஸ்டரோட யோசனை. தினமும் மாறும். யாரும் யார்கிட்டயும் சொல்ல வேணாம், எழுத வேணாம். எங்கள மாதிரி கோயிலுக்குப் போற டீச்சருங்க நாங்களே பார்த்துப் போட்டுடுவோம்."

"எங்க பார்ப்பீங்க?"

"காலண்டர்ல. எந்தத் தேதிக்கு எந்தப் பாடல்னு வருஷம் பூராவும் போட்டிருக்கும்."

"ஸ்கூல் காலண்டரா?"

"இல்ல, பங்குல குடுக்கற காலண்டர். எல்லார் வீட்டுலயும்..."

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தங்கை வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே. என் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில். பள்ளியின் ஒவ்வொரு வராந்தாவிலும். பிறந்ததிலிருந்து பார்த்த காலண்டர் என்பதால் அதை ஒரு சாவிக்கொத்தாக எங்களில் ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. இந்த விதிப்படி போன வருடத்திலிருந்து வராந்தாவில், லேப்பில், பிள்ளைகள் காது கேட்க, "நாளைக்கு என்ன பாட்டு டீச்சர்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே பூட்டியிருக்கிறோம். காலண்டர் இல்லாத வீட்டிலிருந்து வந்த ஒருத்தி கேட்டதால்தான் என் வாயிலிருந்தே அது வெளியே வந்தது.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ மிஸ்" என்றாள்.

கிளம்பும் முன் இன்னொரு வகைப் பூட்டைப் பற்றியும் சொன்னாள். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம், எடுக்க முடிவது சாவி வைத்திருக்கிறவரால் மட்டும். போட்டவராலேயே கூடத் திரும்ப எடுக்க முடியாது. அதில் இரண்டு சாவி. பூட்டுவதற்கு ஒன்று, அதை ஊருக்கே கொடுக்கலாம், பொதுச் சாவி. திறப்பதற்கு வேறொன்று, அது ஒருவரை விட்டு அசையாது, தனிச் சாவி. பொதுச் சாவியை வைத்துக்கொண்டு தனிச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. ஏன் முடியாது என்று கேட்டேன். மிகப் பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்குவது எளிது, பெருக்கிய விடையை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் தலைகீழாக நின்றாலும் நடக்காது, அப்படிப்பட்ட கணக்குகளை நம்பித்தான் இந்தப் பூட்டுகள் நிற்கின்றன என்றாள். இத்தனை வருடம் பகா எண்ணை நடத்தியிருக்கிறேன். அது இப்படி ஒரு வேலை பார்க்கிறது என்று தெரியாமலே நடத்தியிருக்கிறேன். வாட்ஸப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் மேலே, செய்திகள் என்கிரிப்ட் செய்யப்பட்டவை என்று மஞ்சள் பட்டையில் வரும் வாசகத்தை அன்று பேருந்தில் வரும்போது முதன்முறையாக முழுசாகப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகப் பிடிக்கவில்லை. விஷயம் அதற்குள் பங்கு முழுக்கப் பரவியிருந்தது. போகாவிட்டால் இன்னும் பேசுவார்கள் என்று வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். வழக்கமாக நலம் விசாரிக்கிறவர்கள் புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்கள். முதல் வாசகம் முடிந்தது. பாடகர் குழு பதிலுரைப் பாடலைத் தொடங்க, மொத்தக் கோயிலும் சேர்ந்து பதில் பாடியது. சிறுவர்கள், கிழவர்கள், கடைசி வரிசையில் நின்ற கல்லூரிப் பையன்கள், எல்லோரும் வாய்விட்டு. எங்கள் பள்ளியின் ரகசியச் சாவி ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து முன்வரிசை அம்மா திரும்பி என் கையைத் தடவிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். நாளைக்கு ஸ்டாஃப் மீட்டிங், நாளை மறுநாள் இயற்பியல் தேர்வு, இயற்பியல் தாள் இப்போதே ஃபோல்டரில் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் எழுந்து, சுவரில் உள்ள காலண்டரைப் பார்த்து, அந்தத் தாளைத் திறந்து காட்டப் போகிறேன். சிஸ்டர் முகம் எப்படி மாறும் என்று நினைக்கவே எனக்கு இனித்தது.

அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். "உனக்கு சிஸ்டர ஜெயிக்கணுமா, உன் கிளாஸ் வேணுமா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா?"

நான் குழம்பை அவர் பக்கம் தள்ளினேன். அந்த மனிதர் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படித்தான், சாப்பாடு இறங்காது. அந்தக் கேள்விக்காக அவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் மணிக்கு வெகு முன்பே சிஸ்டர் அறைக்கு நானும் அவளும் போனோம். நான் தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. சிஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"உன் கான்ட்ராக்ட் இந்த வருஷத்தோட முடியுது இல்லம்மா?"

மிரட்டலாகச் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் அசையவில்லை.

"தெரியும் சிஸ்டர். எங்க கடையில இப்படி ஒருத்தங்கள நாங்க தப்பா அனுப்பிட்டோம். அப்ப நான் சின்னப் பொண்ணு, வாயத் திறக்கல. இப்ப திறக்கறேன்."

சிஸ்டரின் மேசைக்குப் பின்னால் அந்தக் காலண்டர் தொங்கியது. நான் கேட்டேன். "சிஸ்டர், நாளைக்கு இயற்பியல் தாள். அதைப் பூட்டினது நான் இல்ல. அதோட சாவிய யார்கிட்டயும் நான் கேக்கல. உங்க அனுமதியோட இப்ப திறக்கட்டுமா?"

புரியாமல் தலையசைத்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் தலைக்கு மேலே நாளைய கட்டத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். அவள் தட்டினாள். தாள் திறந்தது. அவள் உடனே மூடிவிட்டாள், நாங்கள் யாரும் ஒரு கேள்வியைக்கூடப் படிக்கவில்லை.

சிஸ்டர் நாற்காலியைத் திருப்பிக் காலண்டரைப் பார்த்தார். அவரை ஜெயிக்க வேண்டும் என்று நேற்று ஆசைப்பட்டவளுக்கு இப்போது அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. நல்லவேளை, நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் இருந்தோம்.

"செபத்துல இருந்து எடுத்தா பாதுகாப்பா இருக்கும்னு நினைச்சேன்" என்றார் மெல்ல.

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம் சிஸ்டர்" என்றேன். அது உண்மை.

ஸ்டாஃப் மீட்டிங்கில் நான் எழுந்திருக்கவே தேவைப்படவில்லை. சிஸ்டரே எழுந்தார். "சாவி நான் வச்சது. அதை ஊர்ல எல்லார் வீட்டுச் சுவத்துலயும் மாட்டிட்டு, டீச்சரக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டேன். தப்பு என்னுது. பிளஸ் டூ வகுப்பு அவங்களோடதுதான்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை. தவறை அப்படி நேராக ஒப்புக்கொண்ட பெரியவர்களை என் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை. யார் திறந்தார்கள் என்று தேட வேண்டாம் என்றும் சொன்னார். தேடினால் இன்னொருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கும், அதை இன்னொரு தடவை செய்ய மாட்டேன் என்றார். இயற்பியல் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். நான் புதிய கணக்குத் தாள் போட உட்கார்ந்தேன். வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். அதட்டி உட்கார வைத்தேன். அதட்டும்போது குரல் உடைந்ததை அவர்கள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார்கள். அதற்கும் அவர்களுக்கு நன்றி.

அந்த வாரமே அவள் உண்டியல் முறையைக் கொண்டுவந்தாள். சிஸ்டருக்கு ஒரு சோடிச் சாவி செய்து கொடுத்தாள். பொதுச் சாவி எங்கள் எல்லோருக்கும், தனிச் சாவி சிஸ்டரின் கம்ப்யூட்டரில் மட்டும். நாங்கள் தாளைப் பூட்டிய பிறகு எங்களாலேயே திறக்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"உண்டியல்ல யார் வேணா என்ன வேணா போடலாமேம்மா? யாரோ போட்டுட்டு இது கணக்கு டீச்சர் போட்டதுன்னு சொன்னா?"

அவள் கண் மின்னியது. "இந்தக் கேள்விய யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டு இருந்தேன் மிஸ்" என்றாள். எனக்கும் ஒரு சோடிச் சாவி செய்தாள். இங்கே வேலை தலைகீழ். என் தனிச் சாவியால் நான் தாளின்மேல் ஒரு முத்திரை வைப்பேன். தாளை மாவு மில்லில் அரைத்து வரும் அந்தச் சின்ன வரியின்மேல்தான் முத்திரை விழும். என்னுடைய பொதுச் சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தாளில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் பொருந்தாது, என் தனிச் சாவியைத் தவிர வேறெதனாலும் அந்த முத்திரையைப் போடவும் முடியாது. யார் என்று சொல்லத் தெரியாத அந்தப் பூட்டால் நான் பட்ட பாட்டுக்கு இது எனக்கு மருந்து போல இருந்தது.

புதிய கணக்குத் தாளில் என் முத்திரையை வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு நான் சிஸ்டர் அறைக்கே போய் நின்றேன். அனுப்பினால் போதும், போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் போனேன். சிஸ்டர் அவள் சொல்லிக் கொடுத்தபடி தன் சாவியால் திறந்து, முத்திரையைச் சரிபார்க்கும் இடத்தில் அழுத்தினார். திரையில் பச்சையாக ஏதோ வந்தது.

"நீங்கதான்னு காட்டுது டீச்சர்" என்றார்.

நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது காட்டித்தான் எனக்குத் தெரியணும்னு இருந்திருக்கக் கூடாது" என்றார்.